எதுவும் பாயாத பாயம்

இயற்பியலில் சில சொற்கள் மாணவருக்கு வழிகாட்டும். சில சொற்கள் வழியை மறிக்கும். ‘பாயம்’ இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 12ஆம் வகுப்பில் நிலைமின்னியலில் மின்பாயம் என்று ஒருமுறை வருகிறது. மின்காந்தத் தூண்டலில் காந்தப்பாயம் என்று மறுபடி வருகிறது. சூத்திரம் எளிதுதான். புலத்தின் அளவு, பரப்பு, இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன் ஆகிய மூன்றையும் பெருக்கினால் பாயம். கணக்குக் கொடுத்தால் போட்டுவிடுவார்கள். அந்தக் கொசைன் எதற்கு வந்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியில்தான் பல பிள்ளைகள் இயற்பியலை விட்டு விலகத் தொடங்குகிறார்கள் என்பது என் எண்ணம். தூண்டல், மின்னியற்றி, மின்மாற்றி, மாறுதிசை மின்னோட்டம் என்று அடுத்து வருபவை எல்லாம் இந்த ஒரு சொல்லின் மேல் நிற்கின்றன. அது ஆட்டம் கண்டால் மேலே கட்டுவது முழுக்க மனப்பாடம்தான்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர்ப் பகுதியில் இயற்பியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் கணிசமானோர் வீட்டில் தறி இருக்கிறது, அல்லது தாத்தா காலத்தில் இருந்தது. ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: “மிஸ், காந்தப்பாயம்னா என்ன மிஸ் பாயுது?” சிலர் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பாடத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வியே அதுதான். பதில்: எதுவும் பாயவில்லை. மேசைமேல் அசையாமல் கிடக்கும் காந்தத்தின் முன் அசையாமல் ஒரு வளையத்தைப் பிடித்தால், வளையத்தின் வழியே காந்தப்பாயம் உண்டு. ஆனால் அங்கே ஒரு பொருளும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகவில்லை.

பிறகு ஏன் இந்தப் பெயர்? ‘ஒழுகுதல்’ என்ற பொருள் கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. நாம் ‘பாய்’ என்ற வினையை வைத்துத் தமிழாக்கிக்கொண்டோம். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. புத்தகம் கட்டும் கடையில் பயிற்சியாளராக வாழ்க்கையைத் தொடங்கிய மைக்கேல் ஃபாரடே, கணிதச் சமன்பாடுகளில் சிந்திக்கவில்லை. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் காட்டும் கோடுகளிலேயே சிந்தித்தார். அந்தக் கோடுகளைக் கணிதமாக்க முயன்ற ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், 1855-56இல் எழுதிய கட்டுரையில், ஒரு திரவம் குழாய்களில் ஓடுவதுபோல் நினைத்துக்கொண்டால் கணக்கு ஒத்துவருகிறது என்று காட்டினார். அது வெறும் கற்பனைத் திரவம், உண்மையில் அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லவில்லை என்பதையும் அவரே தெளிவாக்கினார். எச்சரிக்கை மறந்துபோய்விட்டது, திரவத்தின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

குழப்பத்தைக் கூட்டுவதற்கு இன்னொன்றும் இருக்கிறது. இயற்பியலின் வேறு கிளைகளில் இதே ஆங்கிலச் சொல் உண்மையிலேயே ஓடுகிற ஒன்றைக் குறிக்கும். வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் மியூவான் துகள்கள், கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று என்ற கணக்கில் கடந்துபோகின்றன. உள்ளங்கையை விரித்து வைத்தால் நொடிக்கு ஒன்றுக்குமேல் அதன் வழியே போகும். ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம், 560 சதுர மீட்டர் பரப்புள்ள கருவியை வைத்து இவற்றைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. கல்பாக்கத்தில் உலை பற்றிப் பேசுவோர் நியூட்ரான்களுக்கும் இதே சொல்லைப் பயன்படுத்துவார்கள். அங்கெல்லாம் ‘ஒரு பரப்பு அலகுக்கு, ஒரு நேர அலகுக்கு எத்தனை’ என்பது பொருள். மின்காந்தவியலில் அப்படி இல்லை. நேரம் என்ற பேச்சே கிடையாது. முழுப் பரப்புக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதுதான் பாயம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இரண்டு வகைப் புத்தகங்களையும் புரட்டுவதால், இந்த வேறுபாட்டை ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

நீரும் பாவும்

ஆற்றில் வலையைப் பிடித்தால் நீர் அதன் வழியே பாயும், வலையைச் சாய்த்தால் குறையும் என்பது பாயத்தை விளக்க வழக்கமாகச் சொல்லப்படும் உவமை. கோணத்தைப் புரியவைக்க இது உதவும். ஆனால் அடுத்த பாடத்துக்குப் போகும்போது இதுவே காலை வாரும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால், வலை சும்மா நின்றாலும் ஏதோ நடந்துகொண்டிருப்பதாக மாணவர் மனத்தில் பதிகிறது. அப்படியானால் காந்தத்தின் முன் சும்மா நிற்கும் கம்பிச்சுருளிலும் மின்னோட்டம் வரவேண்டுமே? வராது. காந்தத்தையோ சுருளையோ அசைத்தால்தான் வரும். நீர் உவமையை நம்பிய பிள்ளைக்கு இது புதிராகவே நிற்கும்.

எங்கள் ஊரில் இதைவிட நல்ல உவமை வீட்டுக்கு வீடு இருக்கிறது. தறியில் பாவு இழைகள் இறுக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக, அசையாமல் நீண்டு கிடக்கின்றன. நாடா இங்கும் அங்கும் ஓடும், ஊடை இழை ஏறும். பாவு தன்னிடத்தில் இழுபட்டு நிற்கும். அந்த இழைகளுக்குக் குறுக்கே ஒரு வளையம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வளையத்தின் வழியே எத்தனை இழை போகிறது என்று எண்ணலாம். ‘போகிறது’ என்று நாம் சொல்கிறோமே தவிர, இழை எங்கும் போகவில்லை. ஏனாத்தூர்ச் சாலை காஞ்சிபுரத்துக்குப் போகிறது என்று சொல்வதில்லையா? சாலையா நடக்கிறது?

இழைகளின் நெருக்கம்தான் புலம். வளையத்துக்குள் வரும் மொத்த இழைகள்தான் பாயம். ‘அங்குலத்துக்கு எத்தனை இழை’ என்ற கணக்கில் வளர்ந்த குழந்தைக்கு, டெஸ்லா என்பது ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை வெபர் என்று சொன்னால் உடனே பிடிபடுகிறது. காந்தப்புலத்துக்குப் ‘பாய அடர்த்தி’ என்று இன்னொரு பெயர் இருப்பதும் அப்போது விளங்கிவிடும்.

ஆனால் தறியின் பாவு ஒரே படலம். புலமோ அறை முழுக்க நிறைந்திருக்கும். அதனால் வகுப்பில் ஒரு சிறு சாதனம் செய்துகொண்டோம். இரண்டு கனமான அட்டைகள். ஒவ்வொன்றிலும் 2 செ.மீ. இடைவெளியில் வரிசைக்கு 8 வீதம் 8 வரிசைத் துளைகள். 64 துளைகளிலும் நூல் கோத்து, இரண்டு அட்டைகளையும் ஒரு மீட்டர் தள்ளி இரண்டு பேர் இழுத்துப் பிடித்தால் காற்றில் ஒரு பாவு நிற்கும். கோக்கும் வேலையைத் தறிவீட்டுப் பெண்கள் இருவர் எடுத்துக்கொண்டார்கள். நானாக இருந்தால் ஒரு பாடவேளை போயிருக்கும். அவர்களுக்குப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுவரை இயற்பியல் வகுப்பில் வாயே திறக்காத இருவர் அவர்கள். மற்றவர்கள் நூலைச் சிக்கலாக்கியபோது அதட்டியதும் அவர்கள்தான்.

அடுத்து, தடித்த கம்பியை 8 செ.மீ. பக்கமுள்ள சதுரமாக வளைத்து, ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டுவிடுங்கள். அந்தத் திறப்பின் வழியே நூல்களுக்கு இடையில் செருகலாம். சதுரம் நூல்களுக்கு நேர்குறுக்காக நின்றால் உள்ளே 16 நூல்கள். அதை 60 பாகை சாய்த்தால் 8. நூலோடு நூலாகப் படுக்கவைத்தால் ஒன்றும் இல்லை. 60 பாகையின் கொசைன் அரை என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகள் எண்ணியே கண்டுபிடிக்கிறார்கள். கம்பியின் அளவு மாறவில்லை, நூலின் நெருக்கமும் மாறவில்லை. நூல்களின் பக்கமிருந்து பார்த்தால் சதுரத்தின் வாய் மட்டும் சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கத்தின் பெயர்தான் கொசைன்.

எந்தக் கோணம்?

பொதுத்தேர்வு விடைத்தாள்களில் அதிகம் தவறு நேரும் இடம் இது. ‘சுருளின் தளம் புலத்துடன் 30 பாகை சாய்ந்துள்ளது’ என்று வினா இருக்கும். மாணவர் 30 பாகையின் கொசைனைப் போடுவார். சூத்திரத்தில் உள்ள கோணமோ தளத்துக்கும் புலத்துக்கும் இடைப்பட்டதில்லை. தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டுக்கும் புலத்துக்கும் இடைப்பட்டது. 60 பாகையைத்தான் போடவேண்டும்.

இதற்கு நான் ஈர்க்குச்சியைப் பயன்படுத்துகிறேன். அஞ்சலட்டை அளவுள்ள ஓர் அட்டையின் நடுவில் ஈர்க்குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்திவிட்டால், அந்த அட்டைக்கு ஒரு ‘கொம்பு’ முளைத்துவிடும். அட்டை எப்படித் திரும்பினாலும் கொம்பும் திரும்பும். இனி கேள்வி ஒன்றுதான்: கொம்புக்கும் நூலுக்கும் இடையில் எவ்வளவு கோணம்? பாடநூலில் ‘பரப்பு வெக்டர்’ என்று வருவது இந்தக் கொம்புதான். பரப்புக்கு எப்படித் திசை இருக்கமுடியும் என்று மிரளும் பிள்ளைகள், அட்டைக்குக் கொம்பு என்றால் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறார்கள்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். கொசைனும் வெக்டரும் வேண்டாம், நிழல் போதும். காஞ்சிபுரத்தில் ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர்தலைக்கு மேல் வரும். ஏப்ரலில் பள்ளி இருந்தாலும் பிள்ளைகளை வெயிலில் நிறுத்த மனம் வராது, ஆகஸ்ட் வசதி. ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தரைக்கு இணையாகப் பிடித்து, தரையில் விழும் நிழலைச் சுண்ணக்கட்டியால் வரையச் சொல்லுங்கள். மெல்லச் சாய்க்கச் சாய்க்க நிழல் ஒடுங்கும். புத்தகத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் நிழல் வெறும் கோடாகிவிடும். கட்டம் போட்ட தாளில் நிழலை வரைந்து கட்டங்களை எண்ணினால் 5ஆம் வகுப்புக்குப் பரப்பளவுப் பாடமும் ஆயிற்று. ஏழு ஆண்டுகள் கழித்துப் பாயம் என்ற சொல்லைக் கேட்கும்போது அந்தக் குழந்தைக்கு அது முற்றிலும் புதியதாக இருக்காது.

விளிம்பும் வடிகட்டியும்

பாவு உவமையின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. ‘சுற்றின் வழியே செல்லும் பாயம்’ என்கிறோம். சுற்று என்பது ஒரு கம்பி. அதற்கு விளிம்பு உண்டு, பரப்பு ஏது? வளையத்துக்குள் எந்தப் பரப்பை வைத்து எண்ணுவது? தட்டையான ஒன்றையா, தொங்கும் பையையா?

காபி வடிகட்டும் துணியை நினைத்துப் பாருங்கள். மேலே வட்டமான கம்பி, கீழே தொங்கும் துணி. வாய்வழியே நுழையும் ஒவ்வொரு நூலும் துணியை எங்கேயாவது குத்திக்கொண்டுதான் வெளியேற முடியும். துணியை இறுக்கிக் கட்டினாலும், தொளதொளவென்று தொங்கவிட்டாலும், மொத்தம் மாறாது. விளிம்பு எது என்று முடிவாகிவிட்டால் பாயமும் முடிவாகிவிடுகிறது. அதனால்தான் ஃபாரடேயின் விதி கம்பியைப் பற்றி மட்டும் பேசினாலும் பொருள்படுகிறது.

இது எப்போதும் உண்மையாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. நூல் பைக்குள் நுழைந்து நடுவிலேயே அறுந்து நின்றுவிடக் கூடாது. காந்தப்புலத்தில் அப்படி நடப்பதில்லை. தறியிலிருக்கும் பாவுக்கு இரண்டு முனைகள் உண்டு; ஒரு முனை நெசவாளரின் மடிப்பக்கம் படமரத்தில், மற்றது எதிர்ப்பக்கத்தில். இது மின்புலத்துக்குச் சரியான படம்: கோடுகள் நேர்மின்னூட்டத்தில் தொடங்கி எதிர்மின்னூட்டத்தில் முடிகின்றன. ஒரு மூடிய பெட்டியை வைத்து, வெளியேறும் இழைகளிலிருந்து நுழையும் இழைகளைக் கழித்தால், உள்ளே எத்தனை முனைகள் இருக்கின்றன என்பது தெரிந்துவிடும். அதுதான் காஸ் விதி. காந்தப்புலத்துக்கோ நூல் சிட்டத்தைப் பாருங்கள். சுற்றிச் சுற்றி மூடிய வளையம். முனையைத் தேடினால் கிடைக்காது. பெட்டியை எங்கே வைத்தாலும் நுழைந்த இழை வெளியேறியே தீரும், நிகரப் பாயம் சுழி. காந்தத்தை ஒடித்தால் வடமுனை தனியாக ஏன் கிடைப்பதில்லை என்று 8ஆம் வகுப்பிலேயே பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களிடம் சிட்டத்தைக் காட்டலாம். வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் மறுபடி சிட்டமாகவே மூடிக்கொள்கிறது என்று மட்டும் சேர்த்துச் சொல்லவேண்டும். இங்கே நூல் உவமை கொஞ்சம் இழுபடுகிறது. எந்த உவமையும் ஓர் இடத்தில் அறும். நூல்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, புலமோ இடைவெளியில்லாமல் நிறைந்திருப்பது என்பதையும் 12ஆம் வகுப்பில் சொல்லியாக வேண்டும்.

மாறினால்தான் மின்சாரம்

1831இல் ஃபாரடே கண்டது இதுதான்: பாயம் இருப்பதால் எதுவும் நடப்பதில்லை, பாயம் மாறும்போதுதான் நடக்கிறது. மாறும் வேகமே மின்னியக்கு விசை. பாவு படத்தில் மாற்றம் மூன்று வழிகளில் வரலாம். இழைகளின் நெருக்கம் மாறலாம்; காந்தத்தை அருகே கொண்டுவருவதும், தெருமுனை மின்மாற்றிக்குள் நடப்பதும் இதுதான். அங்கே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தால் இரும்பு உள்ளகத்தின் பாயம் நொடிக்கு நூறு முறை திசை மாறுகிறது. வளையத்தின் பரப்பு மாறலாம். வளையம் திரும்பலாம், மின்னியற்றி முழுக்க முழுக்க இந்த மூன்றாவது வழி. சுருளில் பல சுற்றுகள் இருந்தால் அதே இழைகளை ஒவ்வொரு சுற்றும் தனித்தனியே எண்ணிக்கொள்கிறது. சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்குவது இதற்காகத்தான்.

வெபர் எவ்வளவு பெரியது என்பதைப் பாடநூல் எண்கள் உணர்த்துவதில்லை. நம் பகுதியில் புவிக்காந்தப்புலத்தின் கிடைக்கூறு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அதிலிருந்து ஒரு வெபரைப் பிடிக்க வேண்டுமானால், வடக்கு நோக்கிச் செங்குத்தாக நிற்கும் 25,000 சதுர மீட்டர் சட்டம் வேண்டும். ஆறு ஏக்கருக்கும் சற்று மேல்!

செங்குத்தாக என்று சொன்னதில் ஒரு செய்தி இருக்கிறது. உலகின் பல இடங்களில் புவியின் காந்தக் கோடுகள் தரைக்குள் சரிந்து இறங்குகின்றன. இலண்டனில் அந்தச் சாய்வு 60 பாகைக்கு மேல், டெல்லியில் 40க்கு மேல். தமிழ்நாட்டில் கோடுகள் கிட்டத்தட்டப் பாவுபோலவே தரைக்கு இணையாக, தெற்கிலிருந்து வடக்காக நீண்டு கிடக்கின்றன. சென்னை, காஞ்சிபுரம் பகுதியில் சாய்வு 15 பாகைக்கும் குறைவு. தென்கோடியில் அது ஏறக்குறைய சுழி. காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகத்தான் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்கும், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் இந்தக் கோடுதான் காரணம்.

எனவே நமக்குக் காந்தமே வேண்டாம். விளையாட்டு அறையிலுள்ள அரை மீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் வளையம் ஒன்று போதும். பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் அரை கிலோ அளவுக்கு மெல்லிய இனாமல் கம்பி வாங்கி 200 சுற்றுகள் சுற்றவேண்டும். (சைக்கிள் ரிம் வசதியாகத் தோன்றும், வேண்டாம். அதுவே ஒரு மூடிய உலோக வளையம், அதிலும் மின்னோட்டம் எழுந்து காரியத்தைக் கெடுக்கும்.) கம்பியின் இரு முனைகளையும் சுரண்டிக் கால்வனாமீட்டரில் இணையுங்கள். வளையத்தின் வாய் வடக்கைப் பார்க்கச் செங்குத்தாக நிறுத்தி, செங்குத்து அச்சில் சட்டென்று அரைச்சுற்றுத் திருப்பினால் முள் துள்ளும். கணக்கும் கரும்பலகையில் உடனே போட்டுவிடலாம். ஒரு சுற்றின் பாயம் 8 மைக்ரோவெபர். 200 சுற்றுகளுக்கு 1,600. அரைச்சுற்றில் அது நேரிலிருந்து எதிராக மாறுவதால் மொத்த மாற்றம் 3,200 மைக்ரோவெபர். ஐந்தில் ஒரு நொடியில் திருப்பினால் சராசரி மின்னியக்கு விசை 16 மில்லிவோல்ட். பேட்டரி இல்லை, காந்தம் இல்லை; ஊர்முழுக்கப் பரவிக்கிடக்கும் பாவுக்குள் ஒரு வளையத்தைத் திருப்பினோம், அவ்வளவுதான். ஃபாரடேயும் புவியின் புலத்தில் சுருளைத் திருப்பி இதைச் செய்து பார்த்திருக்கிறார்.

சுருளைத் திருப்பாமல் வடக்குநோக்கி நேராக நகர்த்திக்கொண்டே ஓடச் சொன்னேன். முள் அசையவில்லை. “ஓடினா வரலை, திரும்பினாத்தான் வருது” என்றான் ஓடியவன். உள்ளே இருக்கும் இழைகளின் எண்ணிக்கை ஓடும்போது மாறவில்லை என்று அவனுக்கு விடை சொன்னது பக்கத்தில் நின்ற பெண்.

இன்னொரு முறையும் செய்யலாம். வளையத்தைத் தரையில் படுக்கவையுங்கள். கிழக்கு விளிம்பைத் தூக்கி, தோசையைத் திருப்புவதுபோல் மேற்குப் பக்கம் புரட்டுங்கள். இப்போது அச்சு வடக்கு-தெற்காக இருப்பதால், கொம்பு எந்த நிலையிலும் வடக்கைப் பார்க்காது. கிடைக்கூறு கணக்கில் வராமல், செங்குத்துக்கூறு மட்டும் பிடிபடும். எங்கள் பகுதியில் முள்ளின் துள்ளல் முதல்முறை கண்டதில் ஏறத்தாழக் கால் பங்கோ அதற்கும் குறைவோதான் இருக்கும். இரண்டு துள்ளல்களின் விகிதம் சாய்வுக்கோணத்தின் டேன்ஜெண்ட். இரண்டு முறையும் முள் எழுந்து முடிவதற்குள் வளையம் திரும்பியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பணியாற்றும் ஆசிரியர்கள் இதே வளையத்தைச் செய்து தோசை திருப்பிப் பார்க்கலாம். அங்கே முதல் சோதனையில் முள் நன்றாகத் துள்ளி, இரண்டாவதில் ஏறக்குறைய அப்படியே நிற்கவேண்டும்.